தீபாவளி ஸ்வீட் பாக்ஸ்: கடைசியில் யார் சாப்பிடுகிறார்கள்?

ஆபீஸில் கொடுத்த அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸ் வீட்டுக்கு வருகிறது. "அப்பாவுக்கு சுகர். பிரிக்காதே, கீழ் வீட்டுக்குக் கொடுத்துடலாம்" என்கிறார் அம்மா. மறுநாள் அங்கிருந்தும் அது கிளம்புகிறது.

அம்மா சொல்வதில் தப்பில்லை. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏழில் ஒருவருக்கு நீரிழிவு. டிரை ஃப்ரூட்ஸ் பாக்ஸுக்கு நிறுவனங்கள் மாறுவதும் இதனால்தான். பாதாம், பிஸ்தாவுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக 2025 செப்டம்பரில் குறைந்தது கூடுதல் வசதி.

ஆனால், கைமாறும் பாக்ஸில் ஒரு சிக்கல். சில்லறையில் விற்கும் இனிப்புகளை எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடைகள் காட்டுவது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம். அந்தத் தேதி இருப்பது கடைத் தட்டில். நம் கைக்கு வரும் பாக்ஸில் பெரும்பாலும் இருக்காது. ரசகுல்லா போன்ற பால் இனிப்புகளுக்கு இரண்டு நாள், கோவா இனிப்புகளுக்கு நான்கு நாள் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்.

மூன்றாவது கை பெரும்பாலும் அபார்ட்மென்ட் செக்யூரிட்டி அண்ணன்தான். அவர் வீட்டில் பிள்ளைகள் பிரிக்கும்போது அது ஐந்தாவது நாளாக இருக்கலாம். கொடுப்பதென்றால், கைக்கு வந்த அன்றே கொடுத்துவிடலாம். அவருக்கும் சுகர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.