பன்னிரண்டு பாகத்தில் ஒரு பார்

மதுரங்குளிச் சந்தியில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. புத்தளம் வீதி, கடைகள், தென்னந்தோட்டங்கள், அவ்வளவுதான். மேற்கே இறங்கிக் களப்பையும் டச்சுக் கால்வாயையும் தாண்டினால்தான் மணல்மேடும் பெருங்கடலும் வரும். தெற்கே உடப்பு, வடக்கே நுரைச்சோலை, அதற்கப்பால் கற்பிட்டி. இந்தக் கரையில் ஒருநாள் தொழிலுக்குப் போகும் ஃபைபர் போட்டுகளில் இன்று ஜி.பி.எஸ். கருவியைக் காண்பது புதினமில்லை. சிலவற்றில் மீன் காட்டும் எக்கோ சவுண்டரும் உண்டு. ஒன்றுமில்லாதவரிடமும் கைபேசி இருக்கிறது.

முன்பு கடலின் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். இரு கைகளையும் அகல விரித்த அளவு ஒரு பாகம், ஏறத்தாழ ஆறடி. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, அடி தட்டியதும் கையால் அளந்துகொண்டே இழுப்பார்கள். குண்டின் அடியில் சவர்க்காரத்தையோ கொழுப்பையோ அப்பிவிட்டால் அதில் மணல் ஒட்டி வரும், அல்லது சேறு, அல்லது சிப்பித்தூள். ஒன்றும் ஒட்டாமல் குண்டில் கீறல் மட்டும் விழுந்திருந்தால் கீழே இருப்பது பார், அதாவது கடலடிப் பாறைத்திட்டு. கலவாயும் விளைமீனும் பாரையும் அங்கேதான் கூடும். கயிறும் ஈயமும் சொன்ன அந்தச் சேதியை இன்றைய திரை அதைவிட நன்றாகச் சொல்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வேகமாகச் சொல்கிறது, அதில் சந்தேகமில்லை.

கண்டுபிடித்த பாரை மறுநாளும் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. கரையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் பிடிப்பார்கள்: தேவாலயக் கூரையின் மேல் தனிப்பனை ஏறி நிற்க வேண்டும். பிறகு வேறொரு திக்கில் இன்னும் இரண்டு. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கல் இறக்கினால் பார் அடியில் இருக்கும். பனையை வெட்டினால் பார் தொலைந்துபோகும். வாடைக்காலத்து மழை கரையை மறைத்தால் அன்றைய தொழில் போச்சு. இரவில் ஆறாமீனும் விடிவெள்ளியும் திக்கைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. அந்த அடையாளங்கள் தகப்பன் மகனுக்குக் கொடுக்கும் சொத்து. தூரத்தில் இன்னொரு படகு தெரிந்தால் கல்லைத் தூக்கிக்கொண்டு விலகிவிடுவார்கள்.

உலகம் அதற்குள் வேறு பக்கம் போய்விட்டிருந்தது. ஜப்பானின் நாகசாகிப் பக்கத்தில் ஃபுருனோ சகோதரர்கள் 1948 இல் மீன் தேடும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நோர்வேயின் ‘டாக்டர் ஃபிரித்யோஃப் நான்சன்’ ஆய்வுக்கப்பல் 1978 முதல் 1980 வரை இலங்கையைச் சுற்றிவந்து, ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்டே நம் கடலின் மீன்வளத்தைக் கணக்கிட்டது. காரைநகரில் நோர்வே உறவோடு தொடங்கிய சீநோர் போன்ற தளங்கள் ஃபைபர் படகுகளைப் பரப்பின. மரவள்ளம் போய் ஃபைபர் வந்தது, துடுப்புப் போய் மண்ணெண்ணெய் இஞ்சின் வந்தது. ஈயக்குண்டும் கரை அடையாளமும் மட்டும் அப்படியே இருந்தன.

அந்த அடையாளங்களை அசைத்தது ஜி.பி.எஸ். தொடக்கத்தில் அதுவும் இந்த வேலைக்கு உதவவில்லை. பொதுமக்களுக்கான சமிக்ஞையில் அமெரிக்க இராணுவம் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். ஒரு வீட்டளவு பாருக்கு 100 மீட்டர் பிழை என்றால் கருவி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். 2000 மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கலப்பு நின்றது. பிழை 20 மீட்டருக்குள் சுருங்கியது. பனையும் கூரையும் தேவைப்படாமல் போனது அதற்குப் பிறகுதான்.

சொத்து என்று சொன்னேனே, அது கைமாறும் விதமும் மாறிவிட்டது. ஒரு பாரின் இடம் இப்போது இரண்டு வரி எண். கருவியைப் பழுதுபார்க்கக் கொடுத்தால் எண்களும் கூடவே போகின்றன. வட்ஸப்பில் அனுப்ப ஒரு நிமிடம் போதும். தகப்பன் முப்பது வருஷம் காத்த இடத்தில் விடிந்தால் ஆறு படகு நிற்கும். பார்களுக்கு இது நல்லதல்ல. கற்பிட்டிக் கடலின் பெரிய பவளப்பாரை 1992 இல் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் எந்தச் சட்டமும் எட்டாத சின்னச் சின்னப் பார்களை, எண்கள் இப்படிக் கைமாறத் தொடங்கும்வரை காத்தது மீனவரின் வாயடக்கம்தான் என்பது என் கணிப்பு.

எண்ணை வாங்குகிறவர் ஏமாறுவதும் உண்டு. கொடுத்தவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். 8 பாகை 05.50 கலை என்று ஒரு கருவி காட்டும். அதை 8 பாகை 05 கலை 50 விகலை என்று இன்னொருவர் தன் கருவியில் ஏற்றுவார். அரைக் கலை என்பது 30 விகலை. இடையில் 20 விகலை வித்தியாசம், கடலில் 600 மீட்டருக்கும் மேல். பாரில் கலவாய் பிடிக்கப் போனவர் வெறும் மணலில் கல் போட்டுவிட்டு, எண் தந்த மச்சானைத் திட்டிக்கொண்டு வருவார். இரண்டு கருவியிலும் எண் காட்டும் முறையை முதலில் ஒன்றாக்க வேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கரையிலேயே ஒப்பிட வேண்டும்.

எக்கோ சவுண்டர் திரையையும் பலர் புகைப்படம் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். வலது ஓரம்தான் இந்த நொடி. இடப்பக்கம் நகரும் கோடெல்லாம் படகு ஏற்கனவே கடந்த இடம். திரை நடுவில் மீன் தெரிகிறதென்று தூண்டில் இறக்கினால் மீன் பின்னால் நின்றுவிட்டது என்று அர்த்தம். ஒலி கூம்பாக விரிந்து இறங்குகிறது. 20 பாகைக் கூம்பு 30 மீட்டர் ஆழத்தில் பார்க்கும் வட்டம் சுமார் 10 மீட்டர் அகலம். அதற்கு வெளியே எத்தனை மீன் கூடினாலும் திரைக்குத் தெரியாது. மூன்று மீட்டர் ஆழத்தில் வட்டம் ஒரு மீட்டர்தான். களப்பில் தொழில் செய்கிறவர் இதற்குக் காசு செலவழிப்பது வீண் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. எதிரொலியைப் பலமாகத் திருப்புவது மீனின் வயிற்றிலுள்ள காற்றுப்பை. அறக்குளாவுக்கும் சூரைக்கும் அந்தப் பை இல்லை. சூடைக் கூட்டம் திரையில் கறுத்து மொய்க்கும்போது, அதைத் துரத்தும் அறக்குளாவோ சூரையோ மங்கலான கீறலாகத்தான் விழும், சில வேளை விழவே விழாது. திரை வெறுமையாக இருக்கிறதென்று பறவை கூடும் இடத்தை விட்டுவிட்டுப் போகிறவர் நட்டப்படுவார்.

“நானா, விடியப்பறம் திரை செத்துப் போகுது” என்று பழுதுபார்க்கக் கருவியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். பெரும்பாலும் கருவியில் ஒன்றுமிருக்காது. அதே பெட்டரியில் இரவு முழுக்க வெளிச்சமும் எரிகிறது. 36 வாட் விளக்கு 12 வோல்ட்டில் மூன்று ஆம்பியர் இழுக்கும். பத்து மணித்தியாலத்தில் முப்பது. 45 ஆம்பியர்-அவர் கார் பெட்டரியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். கையால் இழுத்து ஸ்டார்ட் செய்யும் சின்ன இஞ்சின்கள் பலவற்றில் பெட்டரியை ஏற்றும் வசதியும் இல்லை. விளக்குக்கு ஒரு பெட்டரி, கருவிக்குச் சின்னதாய் இன்னொன்று என்று பிரித்தாலே பாதி முறைப்பாடு தீரும். அதன் பிறகும் அணைந்தால் மீட்டரைப் பெட்டரியில் வைக்க வேண்டாம். விளக்கும் கருவியும் ஓடும்போது கருவியின் பிளக்கில் வைத்துப் பாருங்கள். பெட்டரியில் 12.4, பிளக்கில் 10.8 என்றால் திருடன் வயரில் இருக்கிறான்: முறுக்கி டேப் சுற்றிய மூட்டு, பச்சைக் களிம்பு பிடித்த முனை, பியூஸுக்குப் பதிலாகச் சிகரட் பெட்டித் தாள்.

எண் வருகிறது, அடி மட்டும் தெரியவில்லை என்றால் தண்ணீருக்குள் இருந்து ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசரைப் பாருங்கள். அதன் முகத்தில் பாசி படர்ந்தாலே ஒலி மங்கும். சவர்க்காரமும் விரலும் போதும், கத்தி வேண்டாம், தின்னர் வேண்டவே வேண்டாம். மெதுவாகப் போகும்போது அடி தெரிந்து வேகம் எடுத்ததும் மறைந்தால் முகத்தின் கீழ் நுரை ஓடுகிறது. கொஞ்சம் தாழ்த்திக் கட்டவேண்டும். நம் கரையில் இதற்கும் இடைஞ்சல் உண்டு. படகை மணலில் ஏற்றி இழுக்கிறோம். பின்பலகையில் தாழ்த்திக் கட்டியது முதல் வாரத்திலேயே உடையும். ஒரு பலகைத் துண்டில் பொருத்தி, தொழில் இடத்தில் இறக்கிக் கரைக்கு வரும்போது தூக்கிக்கொள்வது ஒரு வழி. உள்ளே மரமோ நுரையோ இல்லாத ஒற்றை ஃபைபர் அடித்தளமானால், காற்றுக்குமிழி இல்லாமல் எபொக்சியில் உள்ளேயே ஒட்டிவிடலாம். ஒட்டுமுன் அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, முகத்தை அழுத்திப் பிடித்து, அடி தெரிகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஜி.பி.எஸ். சில 2019 ஏப்ரலுக்குப் பிறகு திகதியை ஏறத்தாழ இருபது வருஷம் பின்தள்ளிக் காட்டும். அது 1,024 வாரத்துக்கு ஒருமுறை வரும் எண்ணிக்கைச் சுற்று. இடம் சரியாக இருக்குமானால் திகதிக்காகக் கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நெடுநாள் பெட்டியில் கிடந்த கருவி திறந்த வானத்தின் கீழ் கால்மணி நேரம் விழித்திருக்கட்டும். துணைக்கோள்களின் முழு அட்டவணை வந்துசேர 12½ நிமிடம் வேண்டும்.

எதை வாங்குவது? 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. அன்றிலிருந்து தேடி அலைவது கட்டாத தொழிலாகிவிட்டது. பாருக்கு நேராய்ப் போய் நேராய்த் திரும்ப உதவும் ஜி.பி.எஸ். முதலில். தண்ணீர் புகாததும் விழுந்தால் மிதப்பதுமான கைக்கருவி சின்னப் படகுக்குப் போதும். அடுத்து நல்ல வயரும் தனிப் பெட்டரியும். மீதிக் காசிருந்தால் எக்கோ சவுண்டர், அதிலும் பார்த்தொழில் செய்கிறவருக்கு மட்டும். ஏழு அங்குல வர்ணத்திரைக்குக் கடன்படுவது வீம்பு. கைபேசி உதவிக்கு நல்லது. சிக்னல் போனாலும் அதன் ஜி.பி.எஸ். வேலை செய்யும், வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி வைத்திருந்தால். ஆனால் ஈரக்கைக்கும் உச்சிவெயிலுக்கும் அது ஆகாது.

வலைத்தொழிலில் ஒரு மயக்கம் இன்னும் தீரவில்லை. வலை விட்ட இடத்தைக் கருவி காக்கிறது, வலை இப்போது இருக்கும் இடத்தை அதனால் சொல்ல முடியாது. மிதந்து போன வலையைத் தேடும்போது நீரோட்டத்தையும் காற்று சோளகமா கொண்டலா என்பதையும் பார்த்து, “இந்நேரம் வடக்கே இவ்வளவு போயிருக்கும்” என்று கணிக்கிற கிழவரைத்தான் இன்றும் கேட்கிறார்கள்.

கடைசியாகத் தொழிலுக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இஞ்சின் நின்றுபோய்க் கருவியும் அணைந்தால் தேடி வருகிறவருக்கு உங்கள் எண் தெரியாது. போகுமுன் பாரின் எண்ணை, கருவி அதைக் காட்டும் முறையோடு சேர்த்து ஒரு தாளில் எழுதி, உறையில் இட்டு ஒட்டி, வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்குப் படகு வராவிட்டால் மட்டும் உடைக்கச் சொல்லுங்கள்.