வீட்டிலேயே படிக்கட்டுமா?

"சிஸ்டர், இந்த வருஷம் இவள் வீட்டிலிருந்தே படிக்கட்டுமே!" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நெடுநாள் நோய், தொலைவிலுள்ள கிராமம், வயதுக்கு வந்த பெண் என்ற தயக்கம், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை எனக் காரணங்கள் பல. வீட்டில் கற்பிப்பது தவறன்று. ஆயினும் அவ்வாறு முடிவு செய்யுமுன் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

நம் சிவகாசி வட்டாரத்தில் 'வீட்டில் இருக்கிறாள்' என்ற சொல்லுக்குப் பல காலம் வேறு பொருள் இருந்தது. தீப்பெட்டி ஒட்டுவதும், குச்சி அடுக்குவதும், வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுவதுமே அச்சிறுமியரின் பாடமாயின. இவர்களை மீட்க 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியது. சிவகாசிக் குழந்தைகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, 14 வயது நிரம்பாதவரை எவ்வேலையிலும் அமர்த்தக் கூடாது. வெடிமருந்து வேலைக்கோ 18 வயது நிரம்ப வேண்டும். பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம்; அவ்வளவே.

கல்வியுரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயதுவரை இலவசக் கல்வி குழந்தையின் உரிமை என்றும், பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றும் அது கூறுகிறது. கடுமையான ஊனமுற்ற குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையை 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அளித்தது.

ஆகவே முடிவெடுக்குமுன் மூன்று கேள்விகளை நம்மையே கேட்போம்.

முதலாவது, கற்பிப்பவர் யார்? தினமும் குறித்த நேரத்தில் அருகே அமர ஒருவர் வேண்டும். தாய்க்கு எழுத்து தெரியாவிடில் அக்காளோ அத்தையோ அப்பொறுப்பை ஏற்க முடியுமா?

இரண்டாவது, எதைக்கொண்டு கற்பிப்பது? அரசுப் பாடநூல்கள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பி வருகிறது. ஊர் நூலகமும் உதவும்.

மூன்றாவது, எந்தத் தேர்வு எழுதுவது? பன்னிரண்டரை வயது நிரம்பியவர் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக, 14 வயது நிரம்பியோர் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம். தேர்வு எதையும் குறிவைக்காத வீட்டுப் படிப்பு நாளடைவில் நின்றே போகும்.

இம்மூன்றுக்கும் விடையிருந்தால் துணிந்து தொடங்கலாம். விடையில்லையேல் அது வீட்டுக் கல்வியன்று. படிப்பை நிறுத்துவதற்கு நாம் சூட்டும் நல்ல பெயர்.

விருதுநகரில் பிறந்த காமராசர் சிறு வயதிலேயே பள்ளியை விட்டுக் கடைக்கு வேலைக்குச் சென்றவர். பத்திரிகைகளையும் நூல்களையும் தாமே படித்து உயர்ந்தவர். 'நான் உயரவில்லையா?' என்று அவர் வாளாவிருக்கவில்லை. 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். பசித்த பிள்ளைக்கு அங்கேயே மதிய உணவும் தந்தார். தாம் இழந்ததன் அருமையை அவர் அறிந்திருந்தார்.

மாணவியரே! உங்கள் தெருவில் படிப்பை விட்ட தோழி ஒருத்தி இருக்கக் கூடும். சென்ற ஆண்டுப் புத்தகத்தை அவளுக்குக் கொடுங்கள். மாலையில் அரைமணி நேரம் அவளோடு அமருங்கள். அவள் மீண்டும் வகுப்பறைக்கு வரும் வழியை நாம் கூடித் தேடுவோம்.