2 டிரைவர் லாரியா, உள்ளூர் ஓட்டமா? திருத்துறைப்பூண்டி டிரைவரின் திண்டாட்டம்!

திருத்துறைப்பூண்டி,

"இன்னைக்கு ராத்திரிக்குள்ள பதில் சொல்லணும் சார்" என்று செல்போனையே பார்த்துக்கொண்டு இருந்தார் அந்த டிரைவர்.

பஸ் நிலையம் பக்கத்தில் ஒரு டீக்கடை. அவருக்கு வயது 38. சட்டைப் பையில் கனரக வாகன லைசென்சு. நாமக்கல்லில் இருந்து அழைப்பு வந்திருக்கிறது. வடநாட்டுக்குப் போகும் லாரி. 2 டிரைவர்கள். மாதச் சம்பளம், படி இரண்டும் உண்டு.

போனால் பணம். போகாவிட்டால் குடும்பத்தோடு இருக்கலாம். எதை விடுவது?

"பெயரை மட்டும் போடாதீங்க" என்று கேட்டுக்கொண்டுதான் பேசத் தொடங்கினார்.

மாறி மாறி ஸ்டியரிங்

2 டிரைவர் லாரியில் ஒருவர் ஓட்டுவார். மற்றவர் பின் சீட்டில் படுத்துக்கொள்வார். சில மணி நேரம் கழித்து ஆள் மாறும். சாப்பாட்டுக்கும் டீசலுக்கும்தான் வண்டி நிற்கும்.

முதலாளிக்கு இதில் என்ன லாபம்? சின்ன கணக்குதான். சென்னையில் இருந்து டெல்லி 2 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல். மணிக்கு 40 கிலோ மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு டிரைவர் நாளைக்கு 10 மணி நேரம் ஓட்டி 400 கிலோ மீட்டர் போகலாம். 5 நாளுக்கு மேல் ஆகும். 2 பேர் மாறி மாறி 20 மணி நேரம் ஓட்டினால் 3 நாளில் சரக்கு போய்ச் சேர்ந்துவிடும்.

ஆனால் ஓடுகிற லாரியில் தூக்கம் வருமா?

"கண்ணை மூடலாம். தூக்கம்னு சொல்ல முடியாது. பள்ளத்துல ஒரு குலுக்கு, பிரேக்குல ஒரு குலுக்கு. கூட ஓட்டுறவர் தூங்கிடுவாரோன்னு பயம் வேற. நம்பிக்கையான ஆள் கிடைச்சாதான் கண் அசரும்" என்றார் அவர்.

சட்டம் சொன்னது என்ன?

1961-ம் ஆண்டு வந்த மோட்டார் போக்குவரத்து தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. தொலைதூர ஓட்டத்துக்கு அனுமதி பெற்றால் 10 மணி நேரம் வரை போகலாம். ஆனால் 5 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடத்தை அது தொடவில்லை. ஒற்றை லாரி வைத்திருப்பவரிடம் வேலை பார்த்தவருக்கு அதனால் பலன் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டது.

நேஷனல் பெர்மிட் கனரக லாரியில் 2 டிரைவர்கள் கட்டாயம், மாற்று டிரைவர் காலை நீட்டிப் படுக்க சீட்டு வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்லி வந்தது. 2018-ல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. இப்போது 2-வது ஆள் போடுவதும் போடாததும் முதலாளி விருப்பம்!

ஒரு ஆறுதல் உண்டு. புதிதாகத் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். பழைய வண்டியில் ஏறுபவருக்கு அதே அனல்தான்.

உள்ளூரில் என்ன வேலை?

சம்பா அறுவடை நேரத்தில் திருத்துறைப்பூண்டி பக்கம் டிரைவருக்கு கிராக்கி. கொள்முதல் நிலையத்தில் இருந்து நெல் மூட்டை ஏற்றும் லாரி, டிராக்டர், வேதாரண்யம் உப்பு லோடு என்று வேலை கிடைக்கும். தை, மாசி தாண்டினால் அடங்கிவிடும். பிறகு "ஆக்டிங் டிரைவர்" வேலைதான். கூப்பிட்டால் போக வேண்டும். கூப்பிடாவிட்டால் டீக்கடை பெஞ்சு.

குட்டி யானை ஓட்டலாமே என்றால், அதற்கும் போட்டி. சரக்கோடு சேர்த்து மொத்த எடை 7 ஆயிரத்து 500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை இலகுரக லைசென்சு வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. கார் ஓட்டுபவர்களுக்கு இது நல்ல செய்தி. கனரக லைசென்சு எடுத்தவருக்கு அந்த வண்டியில் தனி மவுசு இல்லை.

மாதக் கணக்கு போடுங்கள்!

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு இருந்த வயதான டிரைவர் ஒருவர் குறுக்கிட்டார். பல வருடம் வடநாட்டு லைன் ஓட்டியவர்.

"தம்பி, ஒரு நாள் கூலியைப் பார்த்து உள்ளூர் வேலைக்கு ஆசைப்படாதே. மாசத்துல எத்தனை நாள் வேலைன்னு பாரு. அதே மாதிரி லைன் சம்பளத்தை மட்டும் பார்த்து ஏறிடாதே. என்னைக்கு வீட்டுக்கு விடுவாங்கன்னு கேளு. ரிட்டன் லோடுக்கு காத்துக் கிடக்குற நாளுக்கும் படி உண்டான்னு கேளு. கூட வர்றவர் யாருன்னு கேளு. நான் இதையெல்லாம் கேட்கலை. எம் பொண்ணு நடக்க ஆரம்பிச்சதை போன்லதான் கேட்டேன்" என்றார்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இரவு 8 மணிக்கு போன் அடித்தது. மற்றதை எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் நம்ம டிரைவர் கேட்டார்.

"ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கறப்போ நான் வீட்டுல இருக்கணும் அண்ணே. தேதி சொல்லுங்க. சொன்னா நாளைக்கே வர்றேன்."

மறுமுனையில் இருந்து வந்த பதில்: "ரிட்டன் லோடு கிடைக்கறதைப் பொறுத்துப்பா. காலையில சொல்றேன்."

போனை பையில் போட்டார். நேராக வீட்டுக்கு நடந்தார். விடிந்தால் ஒரு நெல் லோடுக்கு ஆக்டிங் டிரைவர் தேவையாம். அந்த ஒரு நாள் கூலி உறுதி. அதற்கு மறுநாள்?

நாமக்கல் போன் வரும்வரை அவருக்கே தெரியாது!