குடியை விட்டபின்

குடியின் கேட்டைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசிவிட்டோம். குடியை விட்டவன் படும் பாட்டைப் பற்றிப் பேசுவார் அரியர். பதுளை, பசறை, தெமோதரைத் தோட்டங்களில் அப்பாடு படுவோர் நம் மாணவர் பலருக்குத் தந்தையர்.

நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்வை பெருகும், உறக்கம் வராது. கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்குத் தேநீர்க் கோப்பை பாரமாகும். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குச் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்கள் தோன்றும். பேய்க்கோளாறென்று பூசாரியைத் தேடுவது உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியிலோ உரிய மருந்தும் தயமின் என்னும் உயிர்ச்சத்தும் கொடுத்து இந்நாட்களைக் கடத்திவிடுவர்.

உள்ளத்தின் துன்பமோ மாதக்கணக்கில் நீள்வது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் ஒருவன் மறைந்திருந்து திருந்த இடமேது? “எத்தனை நாளைக்கோ, பார்ப்போம்” என்று பீலிக்கரையில் நகைப்பர். சம்பள நாளன்று மனைவி அவன் கையிற் காசு கொடாள். எத்தனை தீபாவளிக்கு ஏமாந்தவள்! அவளைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வாசலில் நுழையும்போது மகள் அவன் மூச்சை மோந்து பார்க்கிறாள். அதட்ட அவனுக்கு நா எழுவதில்லை. குடிமயக்கத்தில் மறந்த குற்றங்களெல்லாம் தெளிந்த புத்தியில் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து நிற்கின்றன. அவற்றை மறப்பதற்கு அவனறிந்த மருந்து ஒன்றே. பௌர்ணமி நாளில் நாடெங்கும் மதுக்கடைகள் பூட்டப்படும். கள்ளத்தனமாய்க் காய்ச்சும் கசிப்புக்கோ போயாவும் இல்லை, பூட்டும் இல்லை.

1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களேயான பில் வில்சன் என்பவர், மீண்டும் ஆசை தலைதூக்கியபோது தம்மைப் போன்ற இன்னொரு குடியரைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் வைத்தியர். அவ்விருவர் பேச்சிலிருந்து பிறந்ததே இன்று உலகெங்கும் பரவியுள்ள ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம். பெயரை மறைத்துக் கூடுவது அதன் வழக்கம். லயத்தில் அது நடவாது. யார் வீட்டுக் கதையும் எல்லார்க்கும் தெரியும். ஆனால், பட்டவனிடம் பட்டவன் பேசும் பேச்சுக்கு இரகசியம் வேண்டியதில்லை. விட்டவர் இருவர் சம்பள நாளன்று சேர்ந்து கடைக்குச் சென்று, சாமான் வாங்கி, சேர்ந்தே திரும்பினால் வழியிலுள்ள அழைப்புகள் பாதி குறையும்.

பின்னொரு நாள் மனைவி அவனிடமே பணம் கொடுத்து மாவும் சீனியும் வாங்கிவரச் சொல்வாள். அன்று அவன் கொண்டுவரும் மீதிச் சில்லறையை அவள் எண்ணிப் பார்க்கத்தான் செய்வாள். எண்ணட்டும், கொடுத்தனுப்பினாளே!