ஆற்றங்கரையில் ஒரு பல்: யாருடையது என்று எப்படிச் சொல்வது?



வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல். தாவர உண்ணி, மாமிச உண்ணி, அனைத்துண்ணி. தொடக்கப்பள்ளி அறிவியலில் எல்லாரும் படித்ததுதான். "இது சின்னப் பாடம், சுலபமா மார்க் வாங்கிடலாம்" என்று நினைப்போம். ஆனால், இதே பாடத்தை வைத்துக்கொண்டு பெரிய அறிஞர்கள் நூறு ஆண்டுக்கு மேல் வாதாடியிருக்கிறார்கள். அவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்று தெரிந்துகொண்டால், தேர்வில் நாம் சறுக்காமல் இருக்கலாம்.

சோலோ ஆற்றில் கிடைத்த பல்

நம் பக்கத்து நாடான இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் ஓடும் பெரிய ஆறு சோலோ. அதன் கரையில் உள்ள சிற்றூர் திரினில். மனித இனத்தின் முன்னோரைத் தேட வேண்டும் என்ற எண்ணத்தோடு யூஜின் டுபோய்ஸ் என்ற நெதர்லாந்து மருத்துவர், 1887-இல் இராணுவ மருத்துவராகச் சுமத்ராவுக்கு வந்தார். பிறகு ஜாவாவுக்கு மாறினார்.

ஆற்றில் நீர் இறங்கும் வறண்ட மாதங்களில், காலனி அரசு கொடுத்த கைதிகள் கரையைத் தோண்டினார்கள். 1891 செப்டம்பரில் ஒரு கடைவாய்ப்பல் கிடைத்தது. அடுத்த மாதம் மண்டையோட்டின் மேற்பகுதி. 1892 ஆகஸ்டில், சுமார் 15 மீட்டர் தள்ளி ஒரு தொடை எலும்பு.

பல்லை முதலில் பார்த்தபோது டுபோய்ஸ் அதைச் சிம்பன்சி வகைக் குரங்கினுடையது என்றே கருதினார். தொடை எலும்பு கிடைத்த பிறகு, 'இது நிமிர்ந்து நடந்த உயிர்' என்ற முடிவுக்கு வந்தார். 1894-இல் 'பிதெகாந்த்ரோபஸ் எரெக்டஸ்' என்று பெயரிட்டார். 'ஜாவா மனிதன்' என்று நாம் படிப்பது இதைத்தான். இன்றைய அறிவியல் பெயர் 'ஹோமோ எரெக்டஸ்'.

ஆனால், அந்தப் பல்? "மண்டையோடு சரி, பல் மட்டும் உராங் ஊத்தானுடையது" என்று பலர் மறுத்தார்கள். ஜாவாவிலும் ஒரு காலத்தில் உராங் ஊத்தான் வாழ்ந்தது என்பதால், இந்த மறுப்பைச் சுலபமாக ஒதுக்க முடியவில்லை.

ஏன் பல் மட்டும் மிஞ்சுகிறது?

பல்லின் வெளிப்பூச்சான எனாமலில் ஏறக்குறைய 96 விழுக்காடு கனிமம்தான். உடலில் இதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. எலும்பு உடைந்து கரைந்த பிறகும் பல் தாங்கி நிற்கும். ஆற்று மண்ணிலுள்ள கனிமங்கள் உள்ளே ஊறி, பல் பழுப்பாகவோ கறுப்பாகவோ மாறும். கவனிங்க: நிறம் மண்ணைப் பொறுத்தது. 'ரொம்பக் கறுப்பு, அப்படின்னா ரொம்பப் பழசு' என்று எழுதக்கூடாது.

வரிசையாகக் கேட்க வேண்டிய கேள்விகள்

1. கல்லா, பல்லா? பல்லில் இரண்டு பொருள்கள் தெரியும்: மேலே பளபளக்கும் எனாமல், உள்ளே மங்கலான டென்டின். உடைந்த விளிம்பைப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே கோடு போட்டது போல் இருக்கும். சாதாரணக் கூழாங்கல்லில் இந்த அமைப்பு இருக்காது.

2. கூம்பா? கூம்பு வடிவம், அடியில் குழிவு, வேர் இல்லை என்றால் முதலையாக இருக்கலாம். முதலைக்குப் பல் விழுந்து விழுந்து முளைக்கும். அதனால்தான் ஆற்றங்கரைகளில் அதன் பல் நிறையக் கிடைக்கிறது. நீண்ட வேரோடு வளைந்த கூம்பு என்றால் புலி போன்ற மாமிச உண்ணியின் கோரைப்பல்.

3. மெல்லும் பரப்பில் பிறை வடிவம் தெரிகிறதா? அப்படியானால் மான், மாடு, எருமைக் கூட்டம். பல் உயரமாக இருந்தால் மாடு அல்லது எருமை. குட்டையாக இருந்தால் மான். இதை வகுப்பிலேயே காட்டலாம். ஆட்டுத்தலை வாங்கும்போது தாடையைத் தனியே கேட்டு வாங்கி, வேகவைத்துச் சுத்தம் செய்து வையுங்கள். அந்தப் பிறை வடிவம் மாணவர்களுக்கு மறக்கவே மறக்காது.

4. குறுக்கே வரப்பு வரப்பாக இருக்கிறதா? யானைக் குடும்பத்தின் பக்கம் போங்கள். திரினிலில் 'ஸ்டெகோடோன்' என்ற அழிந்துபோன விலங்கின் பற்கள் கிடைத்துள்ளன. அதன் வரப்புகள் வீட்டுக்கூரை போல் தாழ்வாகச் சரிந்திருக்கும். பெயருக்கே 'கூரைப் பல்' என்றுதான் பொருள். இன்றைய யானையின் பல்லில் தட்டுகள் உயரமாக, நெருக்கமாக அடுக்கியிருக்கும்.

5. உருண்டையான குமிழ்கள் மட்டும்தானா? இங்கேதான் ஆபத்து! கண்ணாடியில் உங்கள் கடைவாய்ப்பல்லைப் பாருங்கள், அதிலும் குமிழ்கள்தான். பன்றி, கரடி, குரங்கு, மனிதன் எல்லாருக்கும் இதே பாணி. காரணம், எல்லாமே பலதரப்பட்ட உணவை உண்பவை.

சறுக்கிய அறிஞர்

1922-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கிடைத்த ஒரே ஒரு பல்லை வைத்து, 'அமெரிக்காவின் முதல் மனிதக் குரங்கு' என்று அறிவித்தார் ஹென்றி ஃபேர்ஃபீல்டு ஆஸ்பார்ன். சாதாரண ஆள் அல்ல, நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அரும்பொருளகத் தலைவர். அந்தப் பல்லோ தேய்ந்து போனது. அதே இடத்தில் மேலும் தோண்டிப் பார்த்தபோது உண்மை வெளிவந்தது. அது பன்றிக்கு உறவான பெக்காரி என்ற விலங்கின் பல். 1927-இல் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

குமிழ்கள் தேய்ந்துவிட்டால் அடையாளமும் தேய்ந்துவிடும். அவர் பார்த்தது தவறல்ல. பார்த்ததைவிட அதிகமாகச் சொன்னதுதான் தவறு.

திரினில் பல்லிலும் இதே சிக்கல்தான். உராங் ஊத்தான் பல்லின் எனாமலில் சுருக்கங்கள் அதிகம். தேய்ந்த பல்லில் அதைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. பின்னாளில் பல்லை உடைக்காமல் ஊடுகதிர் மூலம் உள்ளமைப்பைப் படம் பிடித்தார்கள். 2009-இல் வெளிவந்த அந்த ஆய்வு, பல் உராங் ஊத்தானைவிட மனித வழித்தோன்றலோடுதான் பொருந்துகிறது என்று காட்டியது. பல் கிடைத்து 118 ஆண்டுகள்!

தொடை எலும்பின் கதை வேறு. அது நம் எலும்பைப் போலவே இருப்பதால், பிந்திய காலத்து எலும்பாக இருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். ஆறு அரித்து, உருட்டி, வேறு வேறு காலத்துப் பொருள்களை ஒரே இடத்தில் சேர்த்துவிடும். பக்கத்தில் கிடந்தது என்பதால் இரண்டும் ஒரே உடலைச் சேர்ந்தவை ஆகிவிடாது.

தேர்வுக்கு

அறிவியல் செயற்பாங்குத் திறனில் உற்றறிதலையும் ஊகித்தலையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் அதிகம். இப்படிப் பிரித்து எழுதப் பழக்குங்கள்.

உற்றறிதல்: பல்லின் மெல்லும் பரப்பில் பிறை வடிவ வரப்புகள் உள்ளன.
ஊகித்தல்: இவ்விலங்கு தாவர உண்ணியாக இருக்கலாம், ஏனெனில், இத்தகைய வரப்புகள் இலைதழைகளை அரைக்க உதவும்.

'இருக்கலாம்', 'ஏனெனில்' என்ற இரண்டு சொற்களையும் விட்டுவிடாதீர்கள்.

பயிற்சி: ஒரு மாணவன், "இந்தப் பல்லில் குமிழ்கள் உள்ளன. எனவே, இது மனிதப் பல்" என்று எழுதினான். அவன் விடையில் உள்ள குறையைக் கூறி, திருத்தி எழுதுக.

உண்மையிலேயே கிடைத்தால்?

நம் ஊரில் எங்கே கிடைக்கப்போகிறது என்று நினைக்காதீர்கள். இன்று தீபகற்ப மலேசியாவின் காடுகளில் உராங் ஊத்தான் இல்லை. ஆனால், அதன் புதைபடிவப் பற்கள் பத்துமலைக் குகைகளில் கிடைத்துள்ளன. தைப்பூசத்துக்கு நாம் படியேறும் அதே மலைதான்!

அதனால், கரையிலோ குகையிலோ எதையாவது பார்த்தால் தோண்டி எடுக்காதீர்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அரும்பொருளகத்திடம் தெரிவியுங்கள். இடத்தைவிட்டுப் பிரிந்த பல் பாதிக் கதையை இழந்துவிடும்.

டுபோய்ஸ் கொண்டுபோன திரினில் பல்லும் நெதர்லாந்தில்தான் இருந்தது. அவர் சேகரித்த 28,000-க்கும் மேற்பட்ட புதைபடிவங்களை இந்தோனேசியாவிடமே திருப்பித் தர நெதர்லாந்து 2025-இல் ஒப்புக்கொண்டது. யாருடைய பல் என்ற கேள்விக்கு இப்படியும் ஒரு விடை உண்டு. மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நல்ல கலந்துரையாடலாக அமையும்.