தீயணைத்தோர் படங்களும் நமது கடமையும்

தீயணைக்கும் படையினரின் பழைய புகைப்படங்களை நமது நேயர்களிற் பலர் புஸ்தகங்களிலும் பத்திரிகைகளிலும் கண்டிருப்பர். பித்தளைத் தலைக்கவசம் பளபளக்க வரிசையாய் நிற்கும் வீரர்கள். நடுவே நாற்காலியில் அமர்ந்த உத்தியோகஸ்தர். பின்னால் குதிரை பூட்டிய நீராவி யந்திரம், நெடிய ஏணி, சுருட்டி வைத்த குழாய். காண்போர் உள்ளத்தில் மதிப்பும் வியப்பும் தோன்றுதல் இயல்பே. ஆயினும், பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை முதலிய வானம் பார்த்த பூமியில் வாழ்வோர் இப்படங்களை வியந்ததோடு நின்றுவிடலாகாது. அவற்றில் இருப்பவை எவை என்று பார்ப்பதோடு, இல்லாதவை எவை என்றும் பார்த்தல் வேண்டும். இரண்டு அவற்றில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. ஒன்று, வீரர்களின் பெயர். மற்றொன்று, தண்ணீர்.

முதலில் யந்திரத்தின் வரலாற்றைச் சுருக்கிச் சொல்வோம். 1666-ஆம் வருஷத்தில் லண்டன் மாநகரம் நான்கு நாள் எரிந்தது. சில ஆண்டுகளுக்குள், 1670-களின் தொடக்கத்தில், ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஓவியரான வான் டெர் ஹேய்டன் என்பார் தோலால் தைத்த குழாயின் வழியே நீரைத் தீயின் அருகே கொண்டுசெல்லும் முறையை வகுத்தார். லண்டனிலோ இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் தோன்றித் தத்தமக்கெனத் தீயணைக்கும் ஆட்களை அமர்த்திக்கொண்டன. தம்மிடம் பணங் கட்டியவர் வீட்டுச் சுவரில் உலோகத் தகடு ஒன்றை அடையாளமாக அடித்து வைத்தன. 1824-இல் எடின்பரோ நகரம் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் என்பவர் தலைமையில் நகரத்தின் பொதுச் செலவில் ஒரு படையை அமைத்தது. 1829-இல் பிரெய்த்வெயிட் என்பவர் நீராவியால் இயங்கும் தீயணைப்பு யந்திரத்தைச் செய்தார். பணங் கட்டியவனுடைய சொத்தைக் காப்பது என்ற நிலையிலிருந்து, நகரத்தார் அனைவரையும் காப்பது என்ற நிலைக்கு உலகம் வந்து சேர ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

நமது தேசத்திலும் துன்பம் முன்னே வந்தது. ஏற்பாடு பின்னே வந்தது. 1803-இல் பம்பாய்க் கோட்டையின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. 1886-ஆம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி சென்னையில் பீப்பிள்ஸ் பார்க் என்னும் தோட்டத்தில் நடந்த வேடிக்கைச் சந்தையில் தீப்பற்றி நூற்றுக்கணக்கான ஜனங்கள் மாண்டனர். சென்னையில் தீயணைப்புப் படை அமைந்தது 1908-ஆம் வருஷத்திலேதான். இடையே சென்றவை 22 ஆண்டுகள். பின்னர் மோட்டார் வண்டிகள் வந்தன. மாரிஸ் கம்பெனியார் 1914-இல் செய்த தீயணைப்பு மோட்டார் வண்டி ஒன்று, நிஜாம் சமஸ்தான ரயில்வேயில் உழைத்து ஓய்ந்தபின், டில்லி ரயில்வே பொருட்காட்சி சாலையில் இன்றும் நிற்கிறது. யந்திரங்களைக் காத்து வைக்க நாம் கற்றுக்கொண்டோம் என்பதற்கு அது சாட்சி. அவற்றை இயக்கிய மனிதர் விஷயத்தில் நமக்கு அவ்வளவு சிரத்தை ஏற்படவில்லை.

பழைய படங்களில் வீரர்கள் அசையாமல் நிற்பதற்குக் காரணம் உண்டு. அக்காலத்துப் புகைப்படக் கருவிக்கு அசையாத பொருளே வேண்டும். ஓடுகிறவனும் ஏணியில் ஏறுகிறவனும் படத்தில் மங்கலான நிழலாகிவிடுவர். இரவுத் தீயில் அதுவும் கிடையாது. ஆகவே, வேலை இல்லாத ஒரு நாளில், உடுப்பைத் துலக்கி, யந்திரத்தைத் துடைத்து, எல்லோரையும் நிறுத்திப் படம் பிடித்தனர். நாம் காண்பது அணிவகுப்பேயன்றித் தீயோடு செய்த போர் அன்று. கைப்பம்பின் இருபுறத்து நீண்ட பிடிகளைப் பலர் சேர்ந்து மேலுங் கீழுமாக அழுத்தவேண்டும். சில நிமிஷத்தில் தோள் சோர்ந்துபோம். வேறு ஆட்கள் மாறவேண்டும். ஏற்றம் இறைத்த கைகள் இவ்வருத்தத்தை அறியும். நீராவி யந்திரத்தின் அடுப்பை மூட்டிவிட்டே குதிரைகளை விரட்டுவர். தீயை அணைக்கத் தீயைச் சுமந்து ஓடுவர். இவற்றுள் ஒன்றும் அவ்வரிசைப் படங்களில் இல்லை.

பெயர் விஷயத்தைக் கவனிப்போம். இத்தகைய படங்களின் அடியில் தலைவர் பெயர் இருக்கும்; சில வேளைகளில் யந்திரம் செய்த கம்பெனியின் பெயரும் இருக்கும். குழாய் பிடித்தவன், குதிரை ஓட்டியவன், அடுப்பில் கரி போட்டவன் பெயர்கள் இருப்பது அரிது. 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னை மீது குண்டு வீசிற்று. துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அவற்றின் புகை வானத்தை மறைக்கும் படங்களை இன்றும் காணலாம். அக்கப்பலின் பெயர் தமிழ்ப் பேச்சிலேயே புகுந்துவிட்டது. சாமர்த்தியசாலியை 'எம்டன்' என்கிறோம். நகரத்துத் தீயணைப்புப் படைக்கு அப்பொழுது வயது ஆறு. எரித்தவன் பெயர் வீதிதோறும் வழங்குகிறது. அணைக்க ஓடியவருள் ஒருவர் பெயரேனும் நம் நாவில் இல்லை. இது நியாயமா என்று நேயர்களே சிந்திக்கட்டும்.

பம்பாயில் 1944-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி நேர்ந்ததும் இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கது. போர்ட் ஸ்டிகின் என்ற கப்பலில் வெடிமருந்தும் பஞ்சுப் பொதிகளும் ஒருங்கே ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சின் தீ எத்தகையதென்று கரிசற் காட்டாருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. மேலே நீர் விட்டாலும் பொதிக்குள்ளே கனன்றுகொண்டிருக்கும். அணைந்ததென்று எண்ணும்போது மறுபடி மூளும். கப்பலுக்குள் தீ கனல்வது தெரிந்தும் வீரர்கள் குழாயைப் பிடித்து நின்றனர். கப்பல் வெடித்தது. தீயணைப்போர் 66 பேர் உயிர் துறந்தனர். அந்நாளே தேசமெங்கும் தீயணைப்போர் நினைவு நாளாக அநுஷ்டிக்கப்படுகிறது.

இனி, தண்ணீர். எந்த யந்திரமும் தானாக நீரை உண்டாக்குவதில்லை. பம்பாயிலும் சென்னையிலும் எடுத்த படங்களில் நீர் தெரியாமற் போனதற்குக் காரணம், கடலோ நகரக் குழாயோ அருகில் இருந்தமையேயாம். நமது பக்கத்து நிலைமை வேறு. தற்காலத்துச் சாதாரணத் தீயணைப்பு வண்டி ஒன்று சுமப்பது சுமார் 4,500 லிட்டர். அதன் பம்பு முழு வேகத்தில் இயங்கினால் மூன்று நிமிஷத்துக்குள் அவ்வளவும் தீர்ந்துவிடும். வீரர்கள் சிக்கனமாகச் செலவிட்டாலும் நீர் நெடுநேரம் நில்லாது. பிறகு மறுபடி நிரப்ப இடம் வேண்டும். பங்குனி, சித்திரையில் கூரைகளும் வைக்கோற் படப்புகளும் சோளத்தட்டைப் போர்களும் சருகாய்க் காய்ந்திருக்கும். கண்மாயில் நீர் வற்றுவதும் அந்த மாதங்களிலேதான். ஆபத்து மிகும்போது நீர் குறைகிறது. இதுவே வறண்ட நாட்டின் தீயணைப்புப் பிரச்னை முழுவதும்.

வண்டி வருமுன் நமது கிராமங்களில் தீயை எதிர்த்தவர் யாவர்? கிணற்றடியிலிருந்து வரிசையாய் நின்று குடங்களைக் கைமாற்றிய ஸ்திரீகள். பற்றாத வீட்டின் கூரையைப் பிடுங்கியெறிந்து தீயின் வழியை மறித்த வாலிபர்கள். பச்சைக் கொப்புகளால் அடித்துப் பொறிகளைத் தணித்தவர்கள். அவர்களை எவரும் வரிசையாய் நிறுத்திப் படம் பிடிக்கவில்லை. தலைக்கவசம் அணியாவிடினும் அவர்களும் ஒரு தீயணைப்புப் படையே.

சுதந்திரம் பெற்றபின் ராஜ்யத்தில் தீயணைப்பு நிலையங்கள் பெருகின. 1969-இல் தீயணைப்புத் துறை போலீஸ் இலாகாவினின்றும் பிரிந்து தனித் துறையாயிற்று. இன்று முந்நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. இது மகிழ்தற்குரியதே. ஆனால் நிலையம் பெருகியதால் மட்டும் உயிர்கள் காக்கப்படா என்பதற்கு அண்டை ஜில்லாவே சான்று. 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை எரிந்தபோது 28 பேர் மாண்டனர். அவர்கள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்துப் பள்ளியில் சமையற் கூரையில் எழுந்த தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. எந்த யந்திரமும் வந்து சேருமுன்பே முடிந்துவிடும் தீ உண்டு. அதனை வெல்வது முன்னேற்பாடு ஒன்றே.

ஆகவே, நமது பக்கத்துத் தொண்டர்கள் முன் இரண்டு வேலைகளை வைக்கிறோம். முதலாவது, வீடுகளிலும் புகைப்பட நிலையங்களிலும் தீயணைப்பு நிலையங்களிலும் கிடக்கும் பழைய படங்களைத் தேடுங்கள். முதியோரிடம் காட்டி, நிற்பவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று கேட்டுப் படத்தின் பின்புறம் மெல்லிய பென்ஸிலால் எழுதி வையுங்கள். பிரதி எடுத்து ஊர்ப் புஸ்தகசாலைக்கு ஒன்று கொடுங்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். தாமதித்தால் முகம் மிஞ்சும், மனிதன் மறைந்துபோவான்.

இரண்டாவது, ஒவ்வோர் ஊரிலும் கோடையில் நீர் எங்கே நிற்கும் என்று கணக்கெடுங்கள். ஊருணியைத் தூர் வாருங்கள். கிணற்றுக்கும் கண்மாய்க்கும் தீயணைப்பு வண்டி செல்லத்தக்க பாதையில் சீமைக்கருவேலம் அடைத்திருந்தால் வெட்டி நீக்குங்கள். படப்புகளை வீடுகளுக்கு அப்பால் வைக்குமாறு சொல்லுங்கள். அருகிலுள்ள நிலையத்தாரை அழைத்து வாலிபர்களுக்குப் பயிற்சி அளிக்கச் செய்யுங்கள். இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. பஞ்சாயத்தார் மனம் வைத்தால் ஒரு மாதத்தில் முடியும்.

ஏப்ரல் 14, இக்காலத்தில் பெரும்பாலும் சித்திரை முதல் நாளாகவும் அமைகிறது. பஞ்சாங்கம் படித்து மழைப் பலன் கேட்கும் அன்றே, பம்பாயில் மடிந்த வீரரை நினைத்து, நம் ஊர் நீரையும் எண்ணிப் பார்ப்போமாக. பஞ்சாயத்து அலுவலகத்தின் சுவரில் அன்று இரண்டு பட்டியல்கள் தொங்கட்டும்: ஒன்று தீயணைத்த நம்மூரார் பெயர், மற்றொன்று தீயணைக்க நம்மூரில் உள்ள நீர். இரண்டாவது பட்டியல் வெறுமையாய் இருக்குமாயின், அதை நிரப்பும் வேலை மறுநாட் காலையிலேயே தொடங்கவேண்டும்.