டிரில் மெஷினும் 14 டன் கேபிளும்... பி.டி. ஸ்லாப் வீடுகளில் ஓட்டை போடும் முன் இதைப் படிங்க!

புது ஃபிளாட்டுக்குக் குடிபோனதும் ஏ.சி. மெக்கானிக் வருவார், அடுத்து பிளம்பர். "இங்க ஒரு ஓட்டை போட்டுக்கலாமா சார்?" என்று டிரில் மெஷினோடு கேட்பார்கள். நாமும் தலையாட்டிவிடுவோம். உங்கள் தளம் 'பி.டி. ஸ்லாப்' என்றால், அப்படிச் சட்டென்று தலையாட்டக் கூடாது.

பி.டி. என்றால் போஸ்ட் டென்ஷனிங். கான்கிரீட் இறுகிய பிறகு, உள்ளே பதித்திருக்கும் எஃகு கேபிள்களை ஜாக்கால் இழுத்து, ஓரத்தில் ஆப்பு வைத்துப் பூட்டுவார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தில் மாட்டிய சூடான இரும்புப் பட்டை, ஆறும்போது மரத்தை இறுக்கிப் பிடிக்குமே... கிட்டத்தட்ட அந்த வேலைதான். தளம் மெலிதாகும், தூண்கள் குறையும். மால், ஐ.டி. பார்க், கார் பார்க்கிங் எல்லாம் இதை விரும்புவது அதனால்தான்.

ஏழு கம்பிகளை முறுக்கிய கேபிள் வெறும் 12.7 மி.மீ. பருமன். அதை இழுத்துப் பூட்டும் விசையோ சுமார் 14 டன். மூன்று ஆண் யானைகளைத் தொங்கவிட்டதுபோல!

அதை டிரில் அறுத்துவிட்டால்?

நம் நாட்டுக் கட்டடங்களில் கேபிள் போகும் குழாயை சிமென்ட் கிரவுட்டால் நிரப்புவதுதான் அதிகம். கேபிள் அறுந்தாலும் இருபுறமும் கிரவுட் அதைப் பிடித்துக்கொள்ளும். பாதிப்பு அந்த இடத்தைச் சுற்றியே நிற்கும். ஆனால், கிரவுட் சரியாக நிரம்பாமல் விட்டிருந்தால் அந்தப் பிடி இருக்காது; தண்ணீர் புகுந்து துருவும் பிடிக்கும். கிரீஸ் தடவி பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் என்றால், ஒரு இடத்தில் அறுந்தாலே முழு நீளத்துக்கும் இழுவிசை போய்விடும். சில நேரம் அறுந்த முனை கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே பாயும்.

அறுந்துவிட்டால் முதல் வேலை, ஆட்களை அப்புறப்படுத்திவிட்டு, இன்ஜினீயர் சொல்லும் இடங்களில் தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுப்பது. ஓட்டையை சிமென்ட் வைத்துப் பூசி மறைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான காரியம்.

பிறகு ரேடார் ஸ்கேனரால் கேபிள் போகும் பாதையைக் கண்டுபிடித்து, கான்கிரீட்டைப் பக்குவமாகக் கொத்தி எடுப்பார்கள். கிரீஸ் கேபிளில் கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, கப்ளர் போட்டுப் புதுத் துண்டை இணைத்து, மறுபடி ஜாக் வைத்து இழுப்பார்கள். எவ்வளவு நீள்கிறது என்று டேப் வைத்து அளப்பதில்தான் சூட்சுமம். மீட்டருக்குச் சுமார் 7 மி.மீ. என்பது கணக்கு. 30 மீட்டர் கேபிள் ஏறக்குறைய 20 செ.மீ. நீள வேண்டும். ரொம்பக் குறைந்தால் எங்கோ சிக்கியிருக்கிறது. கூடினால் எங்கோ வழுக்குகிறது. கணக்கு ஒத்துவந்த பிறகே கொத்திய பள்ளத்தை மூடுவார்கள். முட்டுகளை எடுப்பது அந்தப் பூச்சும் இறுகிய பிறகுதான்.

கிரவுட் போட்ட கேபிளை இப்படி உருவி எடுக்க முடியாது. மிச்சமிருக்கும் கேபிள்களே பாரம் தாங்குமா என்று கணக்குப் போடுவார்கள். தாங்காது என்றால் தளத்தின் அடியில் கார்பன் ஃபைபர் பட்டை ஒட்டுவார்கள், அல்லது இரும்பு பீம் கொடுப்பார்கள்.

உங்கள் தளம் எந்த வகை என்று பில்டரிடமோ அசோசியேஷனிடமோ கேளுங்கள். கேபிள் வரைபடத்தின் நகல் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில கட்டடங்களில் கேபிள் போகும் பாதையைத் தளத்தின் அடியில் பெயின்ட்டால் குறித்திருப்பார்கள். ஃபால்ஸ் சீலிங் போடும் முன் அதை மொபைலில் போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.